ஒரே விலாசத்தில் இரண்டு பேர்

அந்த விதியை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கொழும்பில் இருக்கிற பெரியவர்களை எல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு நான் நல்ல பிள்ளையாக ஒதுங்கிக்கொள்வேன். எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

அரசாங்கம் எதை வாங்கினாலும் இனிக் கணினி வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. கேள்விமனுவைக் கடித உறையில் போட்டு, அரக்கு வைத்து, பெட்டிக்குள் தள்ளுகிற காலம் முடிந்தது. விற்க நினைக்கிற எவரும் இணையத்தில் பதிந்து, அங்கேயே விலை கோரலாம். நாடு முழுவதற்கும் ஒரே முறை. அதை வடிவமைத்த குழுவில் நானும் ஒருவன். எது செல்லும், எது செல்லாது என்ற விதிகளை எழுதுவது என் வேலை. குளிரூட்டிய அறைக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, பட்டிஸ் தின்றுகொண்டு எழுதினேன்.

களவை நிறுத்த வேண்டும் என்பதுதான் அங்கே எல்லார் வாயிலும். ஒரே முதலாளி இரண்டு மூன்று பெயர்களில் விலை கோரி, போட்டி நடப்பதுபோலக் காட்டுவது நம் நாட்டில் பழைய வித்தை. அதை மடக்க நான் ஒரு விதி சொன்னேன். ஒரே விலாசத்திலிருந்து இரண்டு பேர் விலை கோரினால் இரண்டும் தள்ளுபடி, இரண்டு பேரும் கூட்டுச்சதிச் சந்தேகப் பட்டியலில். எல்லாம் தானாக நடக்க வேண்டும், மனிதக் கை படக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். மேலதிகாரி என் தோளில் தட்டினார். அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

முறையைப் பரீட்சித்துப் பார்க்க மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் உணவைத் தெரிவுசெய்தார்கள். குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள். ஹட்டனில் ஒரு கணினிக் கூடத்தில் பயிற்சி. பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கிற பெண்கள் ஈரக் குடைகளோடும், பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய அடையாள அட்டைகளோடும் வந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் டயகமப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குச் சமைப்பவர். ஐம்பது வயதிருக்கும். தோள்மூட்டு போய், கொழுந்துக் கூடை சுமக்க முடியாமல் தோட்ட வேலையை விட்டவர். அந்தப் பாடசாலைச் சமையலை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. அதே தோட்டத்தின் அதே பிரிவிலிருந்து இன்னொரு பெண்ணும் அதே பாடசாலைக்கு விலை கோர வந்திருந்தார். இருவரும் அறையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளின் தண்ணீர்ப் பீலியில் யார் முதலில் குடம் வைப்பது என்று தொடங்கிய சண்டையாம். நாலு வருடமாக முகத்தில் முழிப்பதில்லை. இதை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்னிடம் வந்து சொன்னார்கள், நான் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ள.

இரண்டு பேருக்கும் படிவத்தைத் தட்டியது நான். விலாசம் கேட்டேன். கீழ்ப் பிரிவு, தோட்டத்தின் பெயர், டயகம என்று சொல்லி, லயத்து நம்பரையும் அதில் தான் குடியிருக்கிற காம்பிரா அறையின் நம்பரையும் சேர்த்துச் சொன்னார் அந்தச் சமையல்கார அம்மா. லயத்து நம்பர் போட இதில் இடமில்லை என்று நானே சொன்னேன். தெருவின் பெயருக்கு இடமிருந்தது. தோட்டத்தில் ஏது தெரு. அடுத்த பெண்ணும் வந்து அதே விலாசத்தைச் சொன்னார், அதையும் தட்டினேன். ஒரு பிரிவில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் அது ஒன்றுதான் விலாசம். என் விரல்களில் ஒன்றாவது தயங்கியிருக்க வேண்டாமா? படித்த முட்டாள் என்பது என்னைப் போன்றவனைத்தான்.

முடிவு வந்தது. இரண்டு பெண்களும் தள்ளுபடி. காரணம், ஒரே விலாசம், கூட்டுச்சதிச் சந்தேகம். முடிவை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் விதி. பாடசாலை அதிபர் பாவம், அச்சடித்து வாசலில் ஒட்டிவிட்டார். சமையல் டவுன் முதலாளி ஒருவருக்குப் போனது. தன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று அவர் மூன்று விலை கோரியிருந்தார். கடைக்கு ஒரு விலாசம், வீட்டுக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று. மூன்றுக்கும் பச்சை அடையாளம். யாரைப் பிடிக்க வலை விரித்தேனோ அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடந்து போயிருந்தார். ஆரோக்கியமான போட்டி என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கையின் சொற்களும் என்னுடையவைதான்.

முறை எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுத அந்தப் பாடசாலைக்குப் போனேன். இடைவேளை முடிந்த பிறகு ஒரு த்ரீவீலர் பார்சல்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஒன்றைப் பிரித்தேன். பருப்பு நுரைத்துப் புளித்த வாடை அடித்தது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோய் மலசலகூடத்துக்குப் பின்னால் கொட்டினார்கள். அங்கே முந்தாநாள் சோறும் கிடந்தது. சீ, நாய்கூட மோந்துவிட்டுப் போயிற்று.

வாசலில் அந்தச் சமையல்கார அம்மா எனக்காகக் காத்து நின்றார். ஒட்டியிருந்த தாளைக் கையால் காட்டினார். “அவகூட சேந்து நான் களவு பண்ணேன்னு எழுதியிருக்கு சேர். அவ மொகத்த பாத்தே நாலு வருசமாச்சு. இனிமே நான் எங்க போறது?”

விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். சிக்னல் தேடி ரோட்டு வளைவுவரை ஏற வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டார். இந்தப் பதிப்பில் விதியை மாற்ற முடியாது என்றார். அந்தப் பெண்ணை வேறு ஏதாவது விலாசம் கொடுத்து மறுபடி பதியச் சொல்லுங்கள், அது உண்மையான விலாசமா என்று முறை பார்ப்பதில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் எதையோ மென்றுகொண்டிருந்தது கேட்டது.

நானும் வெட்கமில்லாமல் அதைச் சொல்ல அந்தச் சமையல்கார அம்மாவின் லயத்துக்குப் போனேன். டவுனில் தெரிந்த கடை ஏதாவது இருந்தால் அந்த விலாசத்தைப் போடலாம் என்று அலுவலகத் தமிழில் தொடங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் அந்தத் தமிழ் உதிர்ந்து, எல்லாரும் அப்புடித்தாங்க செய்றாங்க, ஒண்ணும் ஆவாதுங்க என்று என் பழைய தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டது.

“நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேட்டார்.

றொசல்லப் பக்கம் என்றேன். கொழும்பில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் நடந்துகொண்டதும் இல்லை.

“அப்ப வேலைக்கு எழுதிப் போட்டப்போ எந்த வெலாசம் குடுத்தீங்க தம்பி?”

அதுவரை சேர், இப்போது தம்பி. பொய் சொல்ல வாய் வரவில்லை. டவுனில் ஒரு புத்தகக் கடையின் விலாசம் என்றேன். எங்கள் கடிதங்கள் தோட்ட ஆபீசில் கிடக்கும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் யாராவது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதற்குள் நேர்முகப் பரீட்சை முடிந்துவிடும் என்று விளக்கினேன். அது உண்மைதான். விலாசத்தைப் பார்த்ததும் லயத்துப் பையன் என்று தெரிந்துவிடும் என்ற பயமும் உண்மை. அதை நான் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லவும் தேவையில்லை.

“அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு,” என்றார். குரலில் கோபமே இல்லை. பிறகு, “எனக்கு வேணாந் தம்பி. நான் இருக்குற எடம் இதுதான்,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனார். குடிக்காமல் எழும்பினால் மரியாதை இல்லை என்று குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து விதிகளைத் திருத்தக் கூட்டம் வைத்தார்கள். அதற்குள் அந்த அம்மா கொழும்புக்கு ஒரு வீட்டில் சமைக்கப் போய்விட்டதாக அதிபர் சொல்லியிருந்தார். கூட்டத்தில் நான் எழுந்து, என் விதி பிழை என்று சொன்னேன். தோட்டத்தில் ஒரு பிரிவுக்கே ஒரு விலாசம், தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், லயத்து நம்பர் இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று விவரமாகச் சொன்னேன். எதிரே இருந்த ஒருவர் ஆச்சரியப்பட்டு, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். அறை முழுக்க என்னைப் பார்த்தது. என் பதிலுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

களப் பயணத்தில் பார்த்தேன் என்றேன். அந்த மக்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்றும் சொன்னேன்.