ஒரு பேட்டரி மட்டும்

டயர்க்காரர் வியாபாரத்தில் புலி. ஒரு டயர் தேய்ந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், பக்கத்து டயரையும் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "இதையும் சேர்த்து மாத்திடுங்க சார். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா வண்டி இழுக்கும்." பாதிப் பேர் மாற்றிவிடுவார்கள். கழற்றிய நல்ல டயரை மறுவாரமே வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார். இதில் அவருக்கு மன உறுத்தல் எல்லாம் கிடையாது. கடை என்றால் அப்படித்தான் என்பார்.

வீட்டில் அவரும் அக்காவும்தான். பஞ்சாலைத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்தே அக்காவின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டிலருகே ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அதை ஓட்டுவது கூடத்து மூலையிலிருந்த யு.பி.எஸ்தான். அதற்கு இரண்டு பேட்டரிகள். கொஞ்ச நாளாகக் கரண்ட் போன கையோடு அது கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது.

பேட்டரிக் கடைக்காரர் வீட்டுக்கே வந்து சோதித்துப் பார்த்தார். ஒன்று செத்துவிட்டது, மற்றது ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டையும் மாத்திடுங்கண்ணே. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு சரிப்படாது. பழசு படுத்துட்டா புதுசும் சேர்ந்து நின்னுடும்."

டயர்க்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் வசனத்தைத் தன்னிடமே பேசுகிறானே!

"எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சுப்பா. செத்ததை மட்டும் மாத்து."

"செலவுதான் யோசனைன்னா, சின்ன சைஸ்ல ஒரே மாதிரி ரெண்டு போட்டுக்கலாம். பழசு ரெண்டையும் நான் எடுத்துக்கிட்டு விலையில கழிச்சுக்கறேன். கையைக் கடிக்காது."

"சொன்னதைச் செய்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தபடி ஒன்றை மட்டும் மாட்டிவிட்டுப் போனார். டயர்க்காரர் மெயினை அணைத்துப் பார்த்தார். மெஷின் ஓடியது. ஒரு டீ குடிக்கும் நேரம் நின்று பார்த்ததிலேயே அவருக்குத் திருப்தியாகிவிட்டது.

"ரெண்டும் புதுசுதானேடா?" என்று அக்கா உள்ளறையிலிருந்து கேட்டாள்.

"புத்தம்புதுசு. மூணு மணி நேரத்துக்கு அசையாது, நீ நிம்மதியா தூங்கு."

அவள் பயப்படாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். அக்கா மேல் உயிரையே வைத்திருந்த மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில மாதம் ஒரு குறையுமில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் ஊரே கரண்ட் இல்லாமல் வெந்தது. டயர்க்காரர் கடையில் லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டு நினைப்பு வராமலில்லை. ஆனால் அக்காவிடம் சொன்ன மூன்று மணி நேரத்தை இதற்குள் அவரே நம்பியிருந்தார். வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வாசலில் எதிர்வீட்டுப் பெண் அழுதுகொண்டு நின்றாள். உள்ளே மெஷின் சத்தமே இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அக்கா சரிந்து கிடந்தாள். மூக்கில் குழாய் அப்படியே இருந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. மடியில் இழுத்துப் போட்டு உலுக்கினார், கன்னத்தில் தட்டினார், கத்திக் கத்திக் கூப்பிட்டார். மூச்சு இல்லை. அவசரத்துக்கென்று வாங்கி வைத்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிலடியில் சீல்கூட உடையாமல் நின்றது.

"கரண்ட் போனதுமே ஓடி வந்தேண்ணே," என்றாள் எதிர்வீட்டுப் பெண். "சிலிண்டரை மாட்டி விடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்மா, என் தம்பி ரெண்டும் புதுசா போட்டிருக்கான், நீ போய் பிள்ளைக்குச் சோறு போடுன்னு அனுப்பிட்டாங்க."