இடது ஓரத்துச் சிவப்புத் தாள்

அண்ணன் போய் ஓர் ஆண்டு திரும்பிவிட்டது. நினைவு மலரில் தங்கைதான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார். அண்ணன் படுக்கையில் கிடந்த நாட்களில் மதினியுடன் நானும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தவள். அந்த அலுப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. அலங்காரமாக எழுத என்னால் ஆகாது. உள்ளதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வெம்பக்கோட்டையில். வானம் பார்த்த பூமியில் கூலி வேலை செய்த குடும்பம். மழை ஏமாற்றிய ஒரு வருடம் பள்ளியை விட்டுத் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர், அங்கேயே போர்மேன் ஆனார். என் படிப்பும் கல்யாணமும் அவர் தயவில் நடந்தவை. காலையில் ஆட்கள் உட்காரும் முன் ஒவ்வொரு அறையின் நான்கு வாசல்களையும் தாமே சுற்றிப் பார்ப்பார். தீப்பிடித்தால் ஓட வேண்டிய வழியில் ஒரு காலிப் பெட்டி கிடந்தாலும் வேலை தொடங்காது. அவர் பார்வையில் இருந்த அறைகளில் ஒருவருக்கும் ஒரு காயம் பட்டதில்லை.

செஸ் பழகியது திருத்தங்கல் அச்சகத்தில். சீசன் நேரத்தில் லேபிள் எடுக்கப் போனால் மை காயும் வரை காத்திருக்க வேண்டும். அங்கே கட்டிங் மிஷின் ஓட்டிய வேலுச்சாமி அண்ணாச்சி போர்டை விரிப்பார். எதிராளி காய் வைத்ததும் அண்ணன் கையை மடியில் வைத்துக்கொள்வார். இப்போது வந்த காய் எதை வெட்டப் பார்க்கிறது, அது நகர்ந்ததால் எந்த வழி திறந்தது, தம் காய்களில் காவல் இல்லாமல் நிற்பது எது என்று நான்கு ஓரமும் பார்த்த பிறகே கை எழும். அண்ணாச்சிக்குப் பொறுக்காது.

“என்ன மாப்ளே, மை காஞ்சு லோடும் கிளம்பிரும் போல.”

“கண்ணு சுத்தி வரட்டும்லே. கை எங்க போயிரப் போகுது.”

அவசரக் கைக்காரரான அண்ணாச்சிதான் பெரும்பாலும் தோற்பார்.

பிறகு பக்கவாதம் வந்தது. தட்டில் வலது பாதிச் சோற்றை உண்டுவிட்டு, “இம்புட்டுத்தான் வச்சீகளா?” என்று கேட்பார். இடது பாதி அப்படியே இருக்கும். கண்ணில் குறையில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்குத் தெரியவில்லை என்றார் மருத்துவர். நான்கு வாசல் பார்த்த மனிதருக்கு ஒரு வாசல் அடைபட்டுப் போனது. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

வீட்டில் அவருடன் செஸ் ஆடினோம். மனம் உடைந்துவிடக் கூடாது என்று அவருக்குத் தெரியாத இடப்பக்கத்திலிருந்து காய்களை வெட்ட வேண்டாமென மதினி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் ஜெயித்துக்கொண்டே இருந்தார். தீபாவளி வேலை முடிந்து அண்ணாச்சி வந்தார். அண்ணனின் இடது ஓரத்தில் நின்ற தம் யானையை நேராகக் கொண்டுவந்து அவர் ராணியை வெட்டினார்.

“எங்கன இருந்துலே வந்துச்சு?”

“ஓரத்துலதான் மாப்ளே நின்னுச்சு. நீ பாக்கல.”

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. “சீக்காளிகிட்டயா அண்ணாச்சி உங்க கெட்டிக்காரத்தனத்தக் காட்டுறீக?”

“அவன ஏசாத,” என்றார் அண்ணன். “அப்ப இம்புட்டு நாளும் நீங்க எல்லாரும் விட்டுக் குடுத்துருக்கீக.” அதற்குப் பிறகு எங்களுடன் அவர் ஆடவில்லை. ஒரு ஆட்டமாவது முழுசாகப் பார்த்து ஆட வேண்டும், அது போதும் என்றார்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி லேபிள் தாளில் சிவப்பாக ஒரு துண்டு நறுக்கி வந்து, போர்டின் இடது ஓரத்தில் ஒட்டினார். “செவப்பு கண்ணுல படுற வரைக்கும் தலையத் திருப்பு மாப்ளே. பட்ட பொறவு காயத் தொடு.” அண்ணன் திருப்ப மறப்பார். ராணி போகும், குதிரை போகும். ஞாயிறுதோறும் அண்ணாச்சி பஸ் ஏறி வருவார், வெட்டுவார், போவார். மதினி தட்டின் இடது ஓரத்திலும் ஒரு சிவப்புத் துண்டு ஒட்டினார். சில நாள் சோறு தீர்ந்தது, சில நாள் தீரவில்லை. மாதங்கள் இப்படியே போயின. எல்லாருமே ஓய்ந்துபோனோம்.

கடைசி ஆட்டத்தில் அண்ணாச்சியின் யானை மறுபடி இடது ஓரத்திலிருந்து குறி வைத்தது. அண்ணன் கை மடியிலேயே இருந்தது. தலை மெல்லத் திரும்பியது, சிவப்பு வரை. பிறகு ராணியை எடுத்துத் தள்ளி வைத்தார். ஆட்டம் நீண்டு, முடிவில் ஒரு சிப்பாய் குறைந்து அண்ணன் தோற்றார். ஒரு காயைக்கூட அவர் பார்க்காமல் இழக்கவில்லை.

“தோத்துட்டேன் தாயி,” என்றார் என்னிடம். “நாலு பக்கமும் பாத்துட்டுத்தான் தோத்தேன்.”

அடுத்த ஞாயிறு வருவதற்குள் மறுபடி வாதம் தாக்கி, அண்ணன் அடங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், சுடுகாடு வரை வந்த கம்பெனி ஆட்களுக்கும், மதினியைத் தாங்கிக்கொண்ட சொந்தங்களுக்கும் நன்றி சொல்கிறோம். வேலுச்சாமி அண்ணாச்சிக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பிய ஞாயிறுகளும் உண்டு. அதை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லாரும் அண்ணனை நோயாளியாக வைத்திருந்த வீட்டில், பாவம் பார்க்காமல் அவர் ராணியை வெட்டிய ஒரே மனிதருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.