போட்டோ இல்லாத கழகம்

போன வாரம் ஒரு காலைப்பொழுது, பள்ளிக்கூட கேன்டீனில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். குழந்தை என்னுடையதல்ல. என் வயதுக்கு இந்த விளக்கம் தேவையில்லைதான்... இருந்தாலும் பதிவு செய்துவிடுவது நல்லது. கல்வி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவனின் பழக்கம் அது.

குழந்தையின் அம்மா மண்டபத்தில் ஆறாம் படிவத் தேர்வு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கடைசிப் பள்ளித் தேர்வு, எழுதிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. தேவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளும் அவள் அம்மாவும் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இந்தப் பத்தி அச்சுக்குப் போகிறது. ஏன் இத்தனை ஜாக்கிரதை? சொல்கிறேன்.

போன வருடம் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். தேவியின் வகுப்புத் தோழி. அப்பா எங்கள் மலையூரான கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறார்.

“அங்கிள், ஸ்கூல்ல ஒரு கிளப் ஆரம்பிக்கணும். வயித்துல இருக்குற பிள்ளைங்களுக்காக.”

“அவங்க மெம்பரா சேர முடியாதேம்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “வெளையாடாதீங்கலா அங்கிள். பேப்பர்ல படிக்கிறீங்கதானே... குப்பைத்தொட்டியில, டாய்லெட்ல பச்சப் பிள்ளைங்கள... யாராச்சும் ஒருத்தர் அந்தப் பொண்ணுகிட்ட ‘நான் இருக்கேன்’னு சொல்லியிருந்தா?”

இதற்குப் பதில் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனால் கழகம் தொடங்குவதற்கான நடைமுறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆலோசக ஆசிரியர், சட்ட விதிகள், செயலவை, முதல்வரின் கையெழுத்து. முதலில் வைத்த பெயர் சண்டைக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்று முதல்வர் தயங்கினார். ‘உயிரை நேசிப்போம் கழகம்’ என்று மாற்றியதும் கையெழுத்து விழுந்தது. நேசத்தை யார் எதிர்ப்பார்கள்?

சில உறுப்பினர்கள் கருக்கலைப்பின் கோரமான படங்களைச் சுவரில் ஒட்டலாம் என்றார்களாம். ஸ்டெல்லா விடவில்லை. “பயந்து கெடக்குறவள இன்னும் பயமுறுத்தி என்னா பண்ணப் போறோம்?”

விவரமான பெண் என்று நினைத்தேன். கொஞ்சம் சீக்கிரமாகவே நினைத்துவிட்டேன்.

அடுத்த சில மாதங்களில் தேவி பள்ளிக்கு வருவது நின்றுபோனது. காரணம் ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது. காரணமான பையனோ கைப்பேசி எண்ணையே மாற்றிக்கொண்டு போய்விட்டான். ஈப்போவில் இருக்கும் தேவியின் சித்தி ஒரு கிளினிக்கைப் பார்த்து வைத்திருந்தார். தேவியின் அம்மா மல்லிகா, போய் முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்றார். தேவி ஸ்டெல்லாவிடம் போனில் அழுதிருக்கிறாள்.

“எனக்குப் பிள்ளை வேணும்டி. பரீட்சையும் வேணும். ரெண்டையும் கேட்டா பேராசைங்கறாங்க.”

கழகத்துக்கு வேலை வந்துவிட்டது!

நம் பள்ளிக் கழகங்கள் எப்படி உதவி செய்யும்? உங்களுக்குத் தெரியாததா... முதலில் பேனர். பிறகு அன்பளிப்புப் பை. பிறகு எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தி ஒரு போட்டோ. போட்டோ இல்லாமல் அறிக்கை இல்லை; அறிக்கை இல்லாமல், பல்கலைக்கழக இடத்துக்கு உதவும் புறப்பாடப் புள்ளி இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நாம் பிள்ளைகளை வளர்த்த விதம் அப்படி.

ஒரு சனிக்கிழமை, தேவியின் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளுக்கு முன், வேன் வந்து நின்றது. கழகத்தின் மஞ்சள் டீ-சட்டைகள் இறங்கின. லயத்தில் ஒருவர் இருமினால் கடைசி வீட்டுக்காரர் மருந்து சொல்வார். அந்த வரிசையில், சரியாக ஒரே ஒரு வாசலுக்கு எதிரே, பேனர் விரிந்தது – ‘உயிரை நேசிப்போம்: அன்புப் பயணம்’. கையில் பால்மாவு டின், குழந்தைப் போர்வை.

எல்லா வாசலிலும் தலைகள்.

“என்னாலா மல்லிகா, பொண்ணு பாக்க வந்துருக்காங்களா?” என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

மல்லிகா பேனரைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார்.

“எம்பொண்ணு மானத்த துணியில எழுதிக் கொண்டாந்தீங்களா? போங்க!”

கதவு மூடிக்கொண்டது. திங்கட்கிழமை ஈப்போ பயணம் என்பதும் உறுதியானது.

ஸ்டெல்லா நேராக என்னிடம் வந்தாள். டீ-சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தாள். “இப்ப என்னா புரொசீஜர், அங்கிள்?”

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

மறுநாள் அவள் தனியாகப் போனாள். பேனர் இல்லை, பை இல்லை. மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பிறகு நடந்ததை மல்லிகாவே எனக்குச் சொன்னார். அவர் திரிங்காப்பில் பூ பேக் செய்யும் கொட்டகையில் வேலை செய்பவர். விடியுமுன் கிளம்ப வேண்டும்.

“பெத்துக்கச் சொல்ல எல்லாரும் வருவீங்க. நான் வேலைக்குப் போயி, இவ ஸ்கூலுக்குப் போனா பிள்ளைய யாரு தூக்குறது? ஒங்க பேனரா?”

“நாங்க பாத்துக்குறோம், ஆன்ட்டி.”

“போட்டோ எடுக்காம வருவீங்களா?”

“வருவோம்.”

“பாப்போம்” என்றாராம் மல்லிகா. ஆனால் அன்று ராத்திரி மகளிடம் வேறொன்று கேட்டிருக்கிறார். தேவி அதை இன்னும் ஆச்சரியத்தோடுதான் சொல்கிறாள். “அன்னிக்குத்தான் அங்கிள், ‘நீ என்னா நெனைக்கிற’ன்னு அம்மா மொதல் தடவையா கேட்டாங்க.”

திங்கட்கிழமை ஈப்போ பஸ் அவர்கள் இல்லாமலே மலையிறங்கியது.

போட்டோ கிடையாது என்றதும் கழகத்தில் பாதி கரைந்துபோனது. மீதிப் பேர் முறை வைத்துக்கொண்டு போனார்கள். பாடக் குறிப்புகள், மருத்துவப் பரிசோதனைக்குத் துணை, பிள்ளை பிறந்த பிறகு துணி அலசுவது. பொண்ணு பார்க்க வந்தார்களா என்று கேட்ட அம்மாவாலும் ஓரளவுக்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. “தள்ளுங்கடி... பிள்ளைய இப்பிடியா புடிப்பாங்க?” என்று உள்ளே வந்தவர்தான், இன்னும் வெளியே போகவில்லை!

உயிரை நேசிப்பதாகப் பேனரில் எழுதுவது சுலபம். அந்த உயிர் கண் விழித்துப் பாலுக்கு அழும். அப்போது யார் எழுந்து போகிறார் என்பதல்லவா கேள்வி?

போன வாரம் கழகத்தாருக்கெல்லாம் தேர்வு. மல்லிகாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல். ஆகவே என் முறை.

கேன்டீன் பக்கம் வந்தார் ஆலோசக ஆசிரியை ரேணுகா டீச்சர். முகத்தில் கவலை.

“சார், நம்ம கழகத்தோட ஆண்டறிக்கையில நடவடிக்கைப் பகுதி காலியா இருக்கு. ஒரு படம்கூட இல்ல. ஆதாரம் இல்லன்னா பிள்ளைங்களுக்குப் புள்ளி கிடைக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். அந்த விதி பத்தி எண்ணோடு தெரியும்.

ஆதாரம் அப்போதுதான் என் தோளில் பால் கக்கிவிட்டுத் தூங்கிப்போயிருந்தது.