ஃபிதா அலி வாய் மூடிய நாள்

கர்மிக் ஊரில் ஃபிதா அலி பேசி முடித்ததை நேரில் கண்டவர்கள் யாரும் இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் எழுந்து போனதைத்தான் கண்டிருக்கிறார்கள். ஆட்டுக்கு நோய் வந்தால் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். ஆடு செத்துப்போனால் இன்னொரு கருத்து இருக்கும். ஊர் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தது. ரேடியோவையாவது திருகி அணைத்துவிடலாம் என்பாள் அவர் மனைவி கனீஸ்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு நிலம் வாய்த்தது ஊர் வாய்க்காலின் கடைமடையில். மழை என்பது கர்மிக்காரர்கள் அடுத்தவர் சொல்லிக் கேள்விப்பட்ட சமாச்சாரம். அவர்களுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் மேலே மலையில் பனி உருகி இறங்கி வருவதுதான். ஏப்ரலில் விதைக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்கான தண்ணீரைப் பக்கத்துச் சரிவுகளில் கிடந்த பனி கொடுத்தது. இப்போது அது மார்ச்சிலேயே காணாமல் போய்விடுகிறது. உச்சியிலிருக்கும் பெரிய பனிப்பாறையோ, ஜூன் கடைசியில் வெயில் நன்றாகச் சுட்ட பிறகுதான் மனம் இரங்கும். நடுவில் வாய்க்காலில் வருவது நூலிழை போல ஒரு ஓட்டம். அதை முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ஊருக்கு முதலில் வந்து குடியேறிய குடும்பத்துக்கு முதல் முறை. கடைசியாக வந்த குடும்பத்துக்குக் கடைசி முறை. ஃபிதா அலியின் முப்பாட்டனார் வழியில் யாரிடமோ நின்று பேசிவிட்டுத்தான் தாமதமாக வந்து சேர்ந்திருப்பார் என்பது கனீஸின் ஆராய்ச்சி முடிவு.

முதல் முறைக்காரர் ஊர்த்தலைவர் ஹாஜி தகீ. அவருடைய தோட்டத்தில் ஆப்ரிகாட் மரங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது, ஃபிதா அலியின் பார்லிப் பயிர் நின்றபடியே வைக்கோலாகும். மூன்று வருடம் அப்படித்தான் ஆயிற்று. மலையேற வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மூட்டை சுமந்துதான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"பேசாம நிலத்தக் குடுத்துட்டு ஸ்கர்தூ டவுன் பக்கம் போயிரலாம்," என்றாள் கனீஸ். "அங்க கேக்கறதுக்குப் புது ஆளுங்களாவது கிடைப்பாங்க உங்களுக்கு."

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஊர் கூடி, பனிக்குக் கல்யாணம் செய்துவைப்பது என்று முடிவெடுத்தது. பனியில் ஆண் உண்டு, பெண் உண்டு. ஆண் பனி கறுப்பு. கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கும், இருந்த இடத்தைவிட்டு லேசில் நகராது, தண்ணீரும் தராது. பெண் பனி வெளுப்பு. வளரும், ஓடும், ஊருக்கே தண்ணீர் கொடுக்கும். எதற்காக இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று ஊர்ப் பெண்கள் யாரும் இதுவரை விளக்கம் கேட்டதில்லை. இரண்டையும் வெட்டி எடுத்து, வெயில் படாத ஒரு மலையிடுக்கில் சேர்த்து வைத்து, கரியும் உமியும் போட்டுக் கல்லால் மூடிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அங்கே ஒரு புதுப் பனிப்பாறை பிடித்துக்கொள்ளும். உச்சியைவிடத் தாழ்வான இடம் என்பதால், மே மாதமே உருகித் தண்ணீர் தரும்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. பனியைத் தூக்கியது முதல் இறக்கி வைக்கும்வரை கூடை தரையில் படக்கூடாது. முதுகு மாற்றி முதுகாகப் போக வேண்டும். கூட நடக்கிறவர்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. யாராவது வாய் திறந்தால் கல்யாணம் முறிந்தது, பனி செத்தது.

ஊரே திரும்பி ஃபிதா அலியைப் பார்த்தது.

"இவன ஊர்ல விட்டுட்டுப் போனா, நாம மேல போய்ச் சேர்றதுக்குள்ள பனிக்குத் தலாக் வாங்கிக் குடுத்துருவான்," என்றார் ஹாஜி தகீ. "கூடையத் தூக்கட்டும். ஒரு நாளாவது ஊரு காதுக்கு ஓய்வு கிடைக்கும்."

இடமும் அன்றைக்கே பள்ளிவாசல் முற்றத்தில் முடிவாயிற்று: பாதை பிரியும் பாறைக்கு வலப்பக்கத்து இடுக்கு. அதில் உருகும் தண்ணீர் நேராகக் கடைமடையில் வந்து விழும். கடைசிப் பதினைந்து வீட்டுக்கும் பிழைப்பு. ஹாஜி தகீயும் தாராளமாகத் தலையாட்டினார். அந்தத் தாராளத்தைப் பார்த்த போதே ஃபிதா அலிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அப்போது பேசிக்கொண்டிருந்தார்.

புறப்படும் காலையில் கனீஸ் கல்லாகக் காய்ந்த பாலாடைக்கட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"இத வாயில போட்டுக்குங்க. நிக்காஹ்ல மௌலவி சம்மதமான்னு கேட்டதுக்கு அரை மணி நேரம் பதில் சொன்ன ஆளு நீங்க. இன்னிக்கி நீங்க மாப்பிள்ள இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

பன்னிரண்டு பேர் நடந்தார்கள். ஹாஜி தகீ முன்னால். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளைக் கூடையோடு அவருடைய தங்கை மகன் ஷுகூர். அதற்கும் பின்னால் பெண் பனி, கைமாறிக் கைமாறி வந்தது. ஃபிதா அலி கட்டியைச் சப்பிக்கொண்டே நடந்தார். மற்றவர்களுக்கு மூச்சு வாங்கியது ஏற்றத்தால். அவருக்கு வாங்கியது சொல்லாமல் விட்ட சொற்களால். மதியம் தாண்டி, பெண் பனி அவர் முதுகுக்கு வந்தபோது, பாதை பிரியும் பாறை தெரிந்தது. கட்டியும் கரைந்து முடிந்திருந்தது.

ஹாஜி தகீ இடப்பக்கம் திரும்பினார்.

இடப்பக்கத்து இடுக்கில் உருகும் தண்ணீர் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகும்: ஹாஜி தகீயின் ஆப்ரிகாட் தோட்டத்துக்கு. பன்னிரண்டு பேருக்கும் அது தெரியும். ஒருவரும் கேட்க முடியாது. கேட்டவர்தான் கல்யாணத்தைக் கெடுத்தவர் என்று பெயராகும். முன்னோர் வைத்த மௌன விரதத்தை இவ்வளவு லாபமாக யாரும் அனுஷ்டித்ததில்லை. ஷுகூரும் மாமா பின்னால் திரும்பினான்.

ஃபிதா அலிக்கு வாயில் நான்கு வார்த்தை வந்து நின்றது. மூன்று நல்ல வார்த்தை, ஒன்று அவ்வளவு நல்லதில்லை. வாழ்நாள் முழுக்கத் தேவையில்லாமல் பேசிய மனிதருக்கு, தேவைப்பட்ட ஒரே நாளில் பேச வழியில்லை. பேசினால் யாருக்கும் தண்ணீர் கிடையாது. பேசாவிட்டால் தனக்குக் கிடையாது. கண்ணில் நீர் முட்டியது. முதுகில் பனி உருகி, இடுப்பு வழியாகச் சில்லென்று இறங்கியது.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பி நடந்தார். மணப்பெண்ணோடு.

பின்னால் வந்தவர்கள் பாறையடியில் ஒரு நொடி நின்றார்கள். கடைமடைக்காரர்கள் ஐந்து பேர் வலப்பக்கம் திரும்பினார்கள். மற்ற நான்கு பேரும் கொஞ்சம் யோசித்து, பெண் இல்லாத இடத்தில் என்ன கல்யாணம் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் திரும்பினார்கள்.

தன் பின்னால் காலடிச் சத்தம் குறைந்ததை ஹாஜி தகீ தாமதமாகத்தான் கவனித்தார். சரிவில் சறுக்கிக்கொண்டு ஓடிவந்து எதிரே நின்றார். கையை ஆட்டினார், தாடியைப் பிடித்தார், இடப்பக்கம் காட்டினார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல் பிதுங்கின. வாயும் திறந்தது. பத்துப் பேரும் அந்த வாயையே பார்த்தார்கள். ஃபிதா அலி அதை மிகுந்த ஆவலோடு பார்த்தார். ஒரு வார்த்தை வந்தால் போதும், ஏழு தலைமுறைக்குக் கல்யாணத்தைக் கெடுத்த குடும்பம் என்று ஊர் ஹாஜி தகீயின் வீட்டைத்தான் சொல்லும்.

ஹாஜி தகீ வாயை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் ஷுகூரும் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு தலைகுனிந்து இறங்கி வந்தான். வலப்பக்கத்து இடுக்கில், ஊர் முடிவு செய்த இடத்தில், இரண்டையும் சேர்த்து வைத்துக் கல்லால் மூடினார்கள்.

பன்னிரண்டு வருடம் ஃபிதா அலி நிலத்தை விற்கவில்லை. கோடையில் மூட்டை சுமந்தார், குளிர்காலத்தில் பேசினார். எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். பதின்மூன்றாவது வருடம் மே மாதம் இரண்டாம் வாரம், வலப்பக்கத்து இடுக்கிலிருந்து கலங்கலாக ஒரு ஓட்டம் இறங்கி வந்து கடைமடையில் விழுந்தது. கனீஸ் அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி கேட்டு ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள், கேமராவோடு. ஹாஜி தகீ புதுத் தொப்பி போட்டுக்கொண்டு முன்னால் நின்றார்.

"பாதை பிரியற இடத்துல எல்லாரும் தடுமாறுனாங்க சார். நான்தான் வலப்பக்கம் போகச் சொன்னேன்."

"பேசவே கூடாதுன்னு சொன்னீங்களே ஹாஜி சாப்," என்றார் அதிகாரி.

"கண்ணாலயே சொன்னேன்."

ஊரே திரும்பி ஃபிதா அலியைப் பார்த்தது. அவரிடம் பன்னிரண்டு வருடத்துப் பேச்சு தயாராக இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து, கீழே வரப்போரத்தில் தண்ணீர் வந்து முட்டும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவருடைய முறை.

"ஆமா சார்," என்றார் ஃபிதா அலி. "இவரு கண்ணால சொன்னத நாங்க எல்லாருமே பார்த்தோம்."

அவ்வளவுதான் சொன்னார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு இறங்கிப் போனார்.