அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் அப்பா ஏதோ ஒரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை செத்துப்போகப் போகிறார் என்பது எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. எந்த மாதம் என்பதுதான் தெரியவில்லை.

இதை யாரும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சண்டே ஸ்கூலில் எங்களுக்குப் பாடம் எடுத்த டீச்சர் பொதுவாகத்தான் சொன்னார். பெரியவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சரசமும் வாங்கித் திருவிருந்து எடுக்கிறார்களே, அதை யார் மேலாவது பகையை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடாதாம். அப்படி எடுத்து நோயில் விழுந்தவர்களும் உண்டு, ஒரேயடியாகப் போய்விட்டவர்களும் உண்டு, வேதத்திலேயே இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு, அடுத்த வாரத்துக்கான மனப்பாட வசனத்தைப் போர்டில் எழுதத் திரும்பிவிட்டார். மற்ற பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் பகை இருந்தது.

பகை சித்தப்பாவோடு. காரணம் சொத்து இல்லை, நிலம் இல்லை. சபைக் கமிட்டித் தேர்தல். முந்தைய வருடம் அப்பா செயலாளர் பதவிக்கு நின்றார். கர்த்தருக்கு ஊழியம் செய்யத்தான் நிற்பதாக வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எதிரணியில் நின்றவரும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் சித்தப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியராகவும் இருந்தார். அப்பா மூன்று ஓட்டில் தோற்றார். சித்தப்பா வீட்டில் மட்டும் நான்கு ஓட்டு. அதோடு திருநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கும் செல்லூரில் இருந்த சித்தப்பா வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு அச்சுமுறுக்கு எங்களுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக் கேக்கும் அங்கே போகவில்லை.

சர்ச் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றே. அதனால் அண்ணனும் தம்பியும் அதையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்பா முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு. சித்தப்பா கடைசி பெஞ்சு. எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. போதகர் முன்வரிசையில் இருப்பவரின் கைகளைத் தன் இரு கைகளுக்குள் வாங்கிச் சமாதானம் சொல்வார். அவர் அடுத்தவருக்குச் சொல்வார், அடுத்தவர் பின்னால் இருப்பவருக்கு. இப்படிக் கைமாறிக் கைமாறி அது கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். அப்பா கொடுத்த சமாதானம் இருபது கை தாண்டித்தான் சித்தப்பாவுக்குக் கிடைக்கும். இருபது கை தாண்டி வந்தால் இரண்டு பேருக்கும் சம்மதம்தான் போலிருக்கிறது.

அது முடிந்ததும் இருவருமே எழுந்து பீடத்துக்குப் போவார்கள், ஒருவர் முதல் வரிசையோடு, மற்றவர் கடைசி வரிசையோடு. நான் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். மண்டியிட்டிருக்கும் அப்பாவின் முதுகு மட்டும் தெரியும். கை மேலே போகும், தலை குனியும். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும், மூடினால் அந்த நேரத்தில்தான் விழுவாரோ என்று மூடவும் மாட்டேன்.

போதாக்குறைக்கு அப்பாவுக்கு இருமல் வேறு. புழுதிக் காலத்தில் மதுரையில் யாருக்குத்தான் இருமல் இல்லை, ஆனால் எனக்கு அது ஆரம்பம் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக்குக் கீழே விரலை நீட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவர் விழித்துக்கொண்டு, ஈ என்று நினைத்து என் கையில் ஓர் அடி போட்டார். உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் எனக்கு வலிக்கவே இல்லை.

அப்பாவுக்கு சர்ச்சுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை உண்டு. வாரம் முழுக்க அது பீரோவில் இருக்கும், திங்கட்கிழமை ஊறவைக்கப்படும். மாதத்தின் முதல் ஞாயிறு முடிந்த திங்கட்கிழமைகளில் அம்மா தவறாமல் சத்தம் போடுவாள்.

"பாக்கெட்டுக்குள்ள வெள்ளை வெள்ளையா மாவு கணக்கா ஒட்டிக் கெடக்கு. சர்ச்சுல உக்காந்து சூடமிட்டாய் திங்கிறீங்களாக்கும்? சின்னப்புள்ளையா நீங்க?"

அப்பா செய்தித்தாளை விட்டு முகத்தை எடுக்க மாட்டார். "தொண்டை கரகரப்பா இருக்குல்ல" என்பார்.

தொண்டை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பயம் இன்னும் கூடிவிடும். சூடமிட்டாயைப் பற்றி நான் ஏன் யோசிக்கப் போகிறேன்?

என்னால் முடிந்ததைச் செய்தேன். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கும். என் முறை வந்த ஒருநாள், தேர்வு, மழை, மிஷனரிகள் எல்லாருக்காகவும் ஜெபித்துவிட்டு, "செல்லூர் சித்தப்பாவையும் அப்பாவையும்" என்று ஆரம்பித்தேன். வாக்கியம் முடிவதற்குள் அப்பா உரத்த குரலில் ஆமென் என்றார். அம்மாவும் வேறு வழியில்லாமல் ஆமென் என்றாள். கர்த்தருக்கு என் வாக்கியம் பாதிதான் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அடுப்படியில் அம்மாவைப் பிடித்தேன். "எம்மா, அப்பா சித்தப்பாகூடப் பேசிட்டா என்னம்மா?"

"அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம். நீ போய் வாய்ப்பாட்டைப் படி."

அவர்கள் பேசுவதாக இல்லை என்றால் அப்பா திருவிருந்து எடுக்கக்கூடாது. அவர் திருவிருந்து எடுக்கக்கூடாது என்றால் சர்ச்சுக்கே போகக்கூடாது. ஒன்பது வயதில் எனக்கு இதைவிட நேரான வழி தெரியவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருவதற்கு முந்தைய சாயங்காலம், ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுப் புதைத்தேன்.

காலையில் வீடு அமளிப்பட்டது. வெள்ளைச் சட்டையும் சீப்பின் தடம் தெரியும் தலையுமாக அப்பா, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"சாவிக்குக் கால் மொளைச்சா போச்சு?"

"நேத்து நீங்கதான வச்சீங்க. என்னையக் கேட்டா?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டேன். "எனக்கு வயிறு வலிக்குதுப்பா. இன்னைக்கு யாரும் போக வேணாம்ப்பா." பாதி பொய், பாதி நிஜம். வலி பொய், யாரும் போக வேண்டாம் என்பது நிஜம். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா ஒரு தம்ளர் ஓமத்தண்ணியை என் வாயில் ஊற்றினாள். "திருவிருந்து ஆராதனை. எந்திரி பாப்பா, பஸ்ஸுல போயிருவோம்" என்றார் அப்பா. நான் அவ்வளவு பாடுபட்டும் அவர் நல்ல பிள்ளையாகத் தன் சாவை நோக்கி நடந்தார், நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

பஸ் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் முடிந்திருந்தது. சர்ச் நிரம்பி வழிந்தது. மூன்றாவது பெஞ்சில் அப்பாவின் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் சைகை காட்டினார். ஆண்கள் பக்கத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது, கடைசி பெஞ்சில், சித்தப்பாவுக்குப் பக்கத்தில்.

அப்பா ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றார். பிறகு போய் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு பாட்டுப்புத்தகம் வைக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். சித்தப்பா நேராகப் பீடத்தைப் பார்த்தார், அப்பா தன் கால் விரல்களைப் பார்த்தார். சமாதானம் முன்னாலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது. பெஞ்சு பெஞ்சாக ஆட்கள் திரும்பினார்கள், கைகள் குவிந்தன. கடைசியில் முன் பெஞ்சுக்காரர் திரும்பி சித்தப்பாவின் கைகளைப் பிடித்தார். சித்தப்பா அதை வாங்கிக்கொண்டார். அதன்பிறகு கொடுப்பதற்கு அந்தப் பெஞ்சில் ஒருவர்தான் மிச்சம்.

சித்தப்பா கைகளை நீட்டினார். அப்பா உடனே கொடுக்கவில்லை. பிறகு அப்பாவின் கைகள் சித்தப்பாவின் கைகளுக்குள் போயின. வழக்கமாக ஒரு விநாடியில் முடிகிற காரியம் அது. அவர்கள் விடவில்லை. சித்தப்பா தோளால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அதில் ஒரு துளிகூட நிம்மதி வரவில்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். வாயால் பேசினால்தான் பகை தீர்ந்தது என்பது என் கணக்கு, அவர்கள் பேசவில்லையே. என் கவலையெல்லாம் அடுத்து வரப்போவதில் இருந்தது. அப்பா எழுந்து பீடத்துக்குப் போனார். என் திட்டம் தோற்றுவிட்டது. நான் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வயிற்றுவலிதான் என்று அம்மா முதுகைத் தடவினாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகாமல் அடம்பிடித்து வீட்டில் இருந்தேன். அப்பா ஆபீஸுக்குக் கிளம்பும் வரைக்கும் அவர் பின்னாலேயே சுற்றினேன். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, "அதிசயமா இந்தத் தடவை பாக்கெட் சுத்தமா இருக்கே" என்றாள். அது என் காதில் விழுந்தது. ஆனால் நான் அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா உலைக்கு அரிசி அளந்தபோது சாவி படியில் வந்து விழுந்தது. விசாரணைக்கு அவசியமே இருக்கவில்லை, என் முகமே சொல்லிவிட்டது. அம்மா கையை ஓங்கினாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டு, ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பகையோடு எடுத்தால் செத்துப்போவார்கள் என்று டீச்சர் சொன்னதையும் விக்கி விக்கிச் சொன்னேன்.

அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "டீச்சர் சரியாத்தான் சொல்லிருக்காங்க" என்றார். கொஞ்ச நேரம் சாவியை அரிசித் தூசு போகத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் சாக மாட்டேன் பாப்பா. நீ போ, போயி வெளாடு."

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு செல்லூரிலிருந்து அச்சுமுறுக்கு வந்தது. அடுத்த தேர்தலிலும் சித்தப்பா தலைமையாசிரியருக்குத்தான் ஓட்டுப் போட்டார். அப்பா அன்று மதியம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டார்.

பதினாறு வயதில் எனக்குத் திடப்படுத்தல் நடந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் சபையில் திருவிருந்து எடுக்கலாம். முதல் தடவை அப்பாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். போதகர் என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். வெள்ளையாக, வட்டமாக, தாள் போல மெல்லிசாக இருந்தது. பயத்தில் வியர்த்திருந்த கையில் அதன் ஓரம் ஊறி மாவாக ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமைக் கொல்லையும் அம்மாவின் சத்தமும் அப்போது ஞாபகம் வந்தன.

அது சூடமிட்டாய் இல்லை. தேர்தலுக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்பா வரிசையில் போய் மண்டியிட்டு, கையில் வாங்கியதை வாய்வரை கொண்டுபோய், தின்னாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார். திராட்சரசத்தை என்ன செய்தார் என்று தெரியவில்லை. மாதாமாதம் அதையே வாங்கித் தின்ற அம்மாவுக்கு அந்த மாவு என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். இரண்டு பேரிடமும் நான் கேட்டதில்லை.

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். அவர் செத்துவிடுவார் என்று நான் மூக்கில் விரல் வைத்துப் பார்த்த மாதங்களில் எல்லாம், டீச்சர் சொன்ன அதே வேதவசனத்துக்கு என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டு அவரும் இருந்திருக்கிறார். சட்டைப்பை சுத்தமாக இருந்த அந்தத் திங்கட்கிழமை, பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.