லா சப்பலில் கார் நிறுத்த ஒரு கணிப்பு

பௌதிகவியலையும் கணினியியலையும் ஒன்றாகக் குழைத்து, சிக்கலான தொகுதிகள் என்று ஒரு பாடநெறி இருக்கிறது, அதில் சேர்ந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பாவின் முகம் தொங்கிப்போனது. பௌதிகவியல் என்றால் வாத்தியார், கணினி என்றால் எஞ்சினியர். இதைப் படித்தவளை ஆட்களிடம் என்னவென்று சொல்வது? எறும்புக் கூட்டம், பறவைக் கூட்டம், வாகன நெரிசல், இவை எல்லாம் யாரும் மேய்க்காமலே எப்படி ஒரு ஒழுங்குக்கு வருகின்றன என்று படிக்கிறோம் என்றேன். எறும்பு பார்க்கவா பிள்ளையைப் பாரிசில் வளர்த்தேன் என்று அம்மாவிடம் கேட்டார். கடைசியில் அப்பா ஒரு கெடு வைத்தார். படிப்பு வருடம் முடிவதற்குள் இந்தப் படிப்பால் ஒரு பிரயோசனமாவது காட்ட வேண்டும். இல்லாவிட்டால் செப்டம்பரில் பார்மசிக்கு மாறிவிட வேண்டும்.

எனக்கு மாத்திரைப் பெட்டிகளைப் பார்த்தாலே கொட்டாவி வரும். ஆகவே என் ஆய்வுக்கு அப்பாவின் பரம எதிரியையே எடுத்தேன்: சனிக்கிழமைகளில், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கார் நிறுத்த இடம் தேடுவது. நாங்கள் இருக்கும் லா கூர்னெவிலிருந்து ரயிலில் சுலபமாகப் போய்விடலாம். ஆனால் அரிசி மூட்டையோடு ரயில் ஏற அப்பாவின் மானம் இடம் கொடுக்காது. கிழமைதோறும் அதே தெருக்களைச் சுற்றிச் சுற்றி வருவோம். முன்னால் போகிறவனின் பரம்பரையையே அப்பா திட்டித் தீர்ப்பார்.

திரையில் புள்ளிகளை ஓடவிட்டேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பம். போன கிழமை இடம் கிடைத்ததா என்பதை ஞாபகம் வைத்து, இந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவது என்று அது தீர்மானிக்கும். இதில் தான் எது என்று அப்பா கேட்டார். சும்மா ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். அது இடமில்லாமல் அலைந்தபோதெல்லாம் மனிதர் கதிரையில் நெளிந்தார்.

கணக்குச் சொன்ன நேரம் பிற்பகல் மூன்று மணி. காலையில் வந்தவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள், மாலையில் வருகிறவர்கள் மத்தியான நித்திரையிலிருந்து இன்னும் எழும்பியிருக்க மாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனோம். மீன்கடை வாசலிலேயே இடம் கிடைத்தது. அப்பா இறங்கி, நம்பாதவர்போல் காரை ஒருதரம் சுற்றி நடந்தார். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. ஒருதரம் காணாது, அடுத்த கிழமையும் கிடைத்தால் நம்புகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்களால் லா சப்பலுக்கு முன்னால் வரும் ஸ்டாலின்கிராட் சந்தியையே தாண்ட முடியவில்லை. பக்கத்துக் காரில் திரான்சியிலிருந்து மாமா குடும்பம். முன்னால் எங்கள் கட்டடத்து நாலாம் மாடிக்காரர். பின்னால் அப்பாவோடு வேலை செய்யும் அண்ணை. எல்லாரும் சந்தோசமாகக் கை காட்டினார்கள். யாருக்காவது சொன்னீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன்.

சொந்தக்காரருக்கு மட்டும்தான் சொன்னாராம். பிறகு வேலைத்தளத்தில். பிறகு கோயிலில். மகள் யூனிவர்சிற்றியில் கணித்த நேரம் என்று வாட்ஸ்அப்பிலும் போட்டாராம். என் புள்ளிகள் ஒன்றோடொன்று கதைப்பதில்லை. எங்கள் சனத்தைப் பற்றிய கணக்கில் கதையை விட்டுவிட்டவளுக்குப் பார்மசிதான் சரி என்று எனக்கே தோன்றியது. ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் பிழைச்சுப்போச்சு அப்பா. நான் செப்டம்பரிலை மாறுறன்."

அப்பா கார்க் கண்ணாடியை இறக்கி மாமாவின் காரைப் பார்த்தார். அதற்குப் பின்னால் நின்ற கார்களையும் எட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இனிப்பைத் தொடாதை எண்டு டொக்ரர் உன்ரை மாமாவுக்கு வருசக்கணக்காச் சொல்லுறார், கேக்கிறானே? நீ மூண்டு மணி எண்டு சொன்னாய், குடும்பத்தோடை வந்து நிக்கிறான். பார்மசி என்னத்துக்குப் பிள்ளை? நீ இதையே படி."