ஆளில்லாத இருக்கையின் மணி

கார்க் கதவைத் திறந்ததும் லோகேஸ்வரி உடனே உள்ளே கை வைக்கமாட்டாள். ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். எந்த இருக்கையில் யார் உட்காருகிறார்கள், யாருடைய காலணியில் செம்மண் இருக்கிறது, பின்னால் உட்காரும் பிள்ளை எந்தக் கையால் பிஸ்கட் தின்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் தூசி உறிஞ்சும் வேக்குவத்தைத் தட்டிவிடுவாள்.

புக்கிட் செந்தோசாவில் கார் விற்கும் கடை ஒன்றின் பின்கட்டில், சர்வீஸ் பகுதியில் அவளுக்கு வேலை. அங்கே கார் கழுவுகிறவர்கள் இரண்டு வகை. பூட்ஸ் போட்டுக்கொண்டு, குழாயைப் பிடித்து, நுரையடித்து நிற்பவர்கள் வெளிவேலைக்காரர்கள். உள்ளே உட்கார்ந்து தூரிகையும் துணியுமாக வேலை செய்பவள் லோகேஸ்வரி ஒருத்திதான். ஆறு வருஷமாக உள்வேலை அவளுடையது.

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்தபோது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எட்டாம் வகுப்புக்குச் சமமான இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் போய்விட்டது. பிறகு ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை, பதினோரு வருஷம். அதை மூடியதும் இங்கே வந்தாள். இப்போது வயது நாற்பத்து நான்கு. கார் ஓட்டத் தெரியாது. பேச்சும் அதிகம் கிடையாது. யார் என்ன சொன்னாலும் "சரி" என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுவாள்.

ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் காருக்குள் இருக்கும்போது அவளைப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் கடைக்கு வந்த சின்ன எஸ்யூவி, அவள் ஆர்வத்துக்கு வாரக்கணக்கில் தீனி போட்டது. டேஷ்போர்டின் நடுவில் பலகை மாதிரி தனியாக நிற்கும் திரை. ஓரங்களில் ஓடும் அழகான தையல். நகத்தால் நெருடிப் பார்த்தால் நூலே இல்லை, பிளாஸ்டிக்கிலேயே வார்த்தது. கதவுக் கைப்பிடிக்குக் கீழே குடை செருக ஒரு பொந்து. இருட்டினால் கால்மாட்டில் எரியும் நீலக் கோடு. முன் இருக்கைகளில் ஊசித் துளைகள் ஏன் இத்தனை என்று பல நாள் யோசித்தாள். இங்கிலீஷ் கையேட்டில் படம் மட்டும் பார்த்து, ஒரு பொத்தானை அழுத்தி, இருக்கைமேல் டிஷ்யூ தாளை விரித்தாள். தாள் இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கீழே ஒரு விசிறி சத்தமில்லாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது! உட்காருகிறவரின் முதுகுச் சூட்டை இழுத்துக்கொள்ளும் இருக்கை. அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த எஸ்யூவிகளில் ஒன்றை வாங்கியவர் தங்கராஜு. அம்பாங் பெச்சாவில் இருப்பவர், முப்பது வருஷம் லோரி ஓட்டி ஓய்ந்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரும் அவர் மனைவி லீலாவதியும் மூன்றாவது முறையாகச் சர்வீஸ் மேசைக்கு வந்து நின்றார்கள்.

"வீட்லேருந்து கோலா குபு சந்தைக்குப் போறதுக்குள்ள நூறு தடவை கத்துது தம்பி. டிங் டிங் டிங்குனு. பெல்ட்டு போடு பெல்ட்டு போடுன்னு செவப்பா ஒரு பொம்மை வேற. பக்கத்து சீட்டுல ஆளே இல்ல, யாருக்குப் பெல்ட்டு?" என்றார் தங்கராஜு.

மேசையில் இருந்த மேற்பார்வையாளர் திலீப் கையைப் பிசைந்தான். "சீட்டுல சாமான் ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா அங்கிள்?"

"சாமானெல்லாம் பின்னால மூடி தூக்குற பூட்லதான். லோரி ஓட்டுனவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

மெக்கானிக் பவனேஷ் கணினியை மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "ஒண்ணும் காட்டல பாஸ். மூணு தடவையும் ரவுண்டு அடிச்சுப் பாத்துட்டேன். இங்க வந்தா கம்முன்னு இருக்கு."

"இங்க வந்தா கம்முனு இருக்கு, வீட்டுக்குப் போனா கத்துது. என் மாமியார் மாதிரி" என்றாள் லீலாவதி.

தங்கராஜு சிரிக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டு ஓரமாக நின்ற லோகேஸ்வரியைக் கைகாட்டினார். "இந்தப் புதுக் காடிய எடுக்க வந்த அன்னைக்கு என் கண்ணால பாத்தேன். இந்தம்மாதான் அந்த சீட்டுல தண்ணிய அடிச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. உள்ள ஒயருல எறங்கியிருக்கும்."

அது தண்ணீரே இல்லை. பிழிந்த துணியில் தொட்ட நுரை. இருக்கையில் அப்படித்தான் போட வேண்டும் என்பது லோகேஸ்வரிக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததும் மடித்த துணியையே மறுபடி மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

திலீப் அவளைத் தனியே அழைத்தான். கெட்டவன் இல்லை, அவனுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. "ரிப்போர்ட்ல எதையாச்சும் எழுதணும்லா அக்கா. தண்ணின்னு எழுதிட்டு சீட்ட மாத்திக் குடுத்துடறேன். நாளைலேருந்து நீங்க வெளிய நுரை அடிக்கிற பக்கம் போங்க. உள்வேலைக்கு அங்க இருக்கிற நித்தியாவ போட்டுக்கறேன்."

"சரி" என்றாள் லோகேஸ்வரி.

திரும்பக் கொடுக்கும் எந்தக் காரையும் உள்ளே துடைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது கடை வழக்கம். ஆகவே கடைசித் தடவையாக வேக்குவத்தை இழுத்துக்கொண்டு அந்தக் கார்ப் பக்கம் போனாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கதவைத் திறந்ததும் பழக்கம் விடவில்லை. நின்று பார்த்தாள்.

ஓட்டுநர் இருக்கை நன்றாக அமுங்கியிருந்தது, சரி. பின் இருக்கையின் இடது பக்கத்தில் தைல வாசனை, முறுக்குத் துகள், மேலே கைப்பிடியில் விரல் பட்ட மினுக்கம். அப்படியானால் அந்த அம்மா பின்னால்தான் உட்காருகிறார். இரண்டு பேர் மட்டும் போகும் காரில், முழங்கால் வலிக்குத் தைலம் தடவும் பொம்பளை ஏன் பின்னால் முடங்கி உட்கார வேண்டும்? முன் இருக்கையோ கண்ணாடிக்கு எவ்வளவு கிட்டே போகுமோ அவ்வளவு கிட்டே தள்ளப்பட்டிருந்தது. ஒரு மனிதக் கால் நுழைய இடமில்லை. கீழே விரிப்பில் காலணித் தடமே இல்லை. பெல்ட்டின் நாக்கில் தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை.

ஆனால் இருக்கையின் நடுவில் ஒரு சாண் அளவுக்குச் சதுரமாக ஒரு பள்ளம்.

லோகேஸ்வரி தன் கவலையை மறந்து போனாள். குனிந்து, கன்னம் இருக்கையில் படப் பார்த்தாள். மேலே டேஷ்போர்டில் இரட்டைப் பசை நாடாவின் கறை இரண்டு. அங்கிருந்து சரிவில் ஏதோ வழுக்கி இறங்கிய கோடு. யாரோ அங்கே ஒன்றை ஒட்டப் பார்த்திருக்கிறார்கள், அது நிற்கவில்லை. இருக்கையின் மடிப்புக்குள் விரலை விட்டாள். காய்ந்த புல் ஒன்று வந்தது. மூன்று இதழ்.

ஓடிப்போய் ஐந்து லிட்டர் ஷாம்புக் கேனைத் தூக்கிவந்து அந்தச் சதுரப் பள்ளத்தின்மேல் வைத்தாள். பவனேஷைக் கூப்பிட்டாள். "தம்பி, இத அப்படியே ஒரு ரவுண்டு ஓட்டேன்."

கார் பட்டறையைத் தாண்டுவதற்குள் டிங் டிங் டிங்.

"கேன் வெச்சா கத்தும்தான் அக்கா. ஆளுன்னு நினைச்சுக்கும்" என்றான் பவனேஷ். "ஆனா அவருதான் ஒண்ணுமே வெக்கலன்னு சொல்றாரே."

வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் கண்ணாடி அறைக்குள் ஆறு வருஷத்தில் ஆள் இருக்கும்போது அவள் போனதே இல்லை. வாசலில் இரண்டு தடவை நின்றாள், திரும்பினாள். நாளைக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு வெளியே நிற்பதை நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். தங்கராஜுவைப் பார்க்கத் துணிவில்லை. நேரே லீலாவதியிடம் போனாள்.

"அம்மா, நீங்க ஏன் பின்னால உக்காருறீங்க?"

லீலாவதி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "முன்னாலதான் பிள்ளையாரு இருக்காரே."

தங்கராஜு செருமிக்கொண்டார். "கருங்கல் பிள்ளையாருமா. பலகையோட சேத்து அஞ்சாறு கிலோ இருப்பாரு. பழைய காடியில டேஷ்போர்டு தட்டையா மேசையாட்டம் இருந்துச்சு, இருபத்திரண்டு வருஷம் அங்கதான் உக்காந்து வந்தாரு. இதுல சறுக்கு மரமாட்டம்ல செஞ்சு வெச்சிருக்கான்! ஒட்டுனா வழுக்குறாரு. அதான் சீட்டுல உக்கார வெச்சேன். ரோடு தெரியணும்னு சீட்ட முன்னாடி தள்ளிவிட்டேன்."

"சாமான் ஏதும் வெச்சீங்களான்னு கேட்டாங்களே ஐயா" என்றாள் லோகேஸ்வரி மெதுவாக.

"பிள்ளையாரப் போயி சாமான்னு சொல்லுவியா நீ?"

"இல்லங்க. ஆளே இல்லன்னும் சொன்னீங்களே."

"ஆளுன்னும் எப்படிச் சொல்றது?" என்றவர் எழுந்து கண்ணாடி வழியே காரை எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு அவரு எங்கங்க?"

பதில் லீலாவதியிடமிருந்து வந்தது. "வீட்ல. சர்வீஸுக்கு வந்தா கண்டவனும் ஷூக் காலோட ஏறுவான்னு மூணு தடவையும் எறக்கி வெச்சிட்டுத்தானே வர்றாரு இந்த மனுஷன்!" சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே வந்து நின்ற பவனேஷும் சிரித்தான். கதவோரம் திலீப் கையில் பேனாவோடு நின்றிருந்தான்.

லோகேஸ்வரி உள்ளங்கையைத் திறந்து அந்த அறுகம்புல்லைக் காட்டினாள். தங்கராஜு குனிந்து அதைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தப்பா சொல்லிட்டேன்மா. தண்ணி இல்ல. நான்தான்" என்றார்.

எல்லோரும் காருக்குப் போனார்கள். "பெல்ட்டு மாட்டிட்டா கத்தாதுங்க" என்றாள் லோகேஸ்வரி.

"சாமிய கட்டிப் போடுறதா?"

"போன வாரம் பத்தாங் காலி சிக்னல்ல நீங்க பிரேக்கு போட்டப்போ கால்மாட்டுல போயி விழுந்தாரே, அது மட்டும் மரியாதையா?" என்றாள் லீலாவதி.

லோகேஸ்வரி பின்கதவைத் திறந்தாள். "பின்னால நடுவுல உக்கார வெச்சு பெல்ட்டு போட்டா ஆடவே மாட்டாரு. அங்கேருந்து கண்ணாடி வழியா ரோடும் தெரியுது. நான் உக்காந்து பாத்திருக்கேன். அம்மா முன்னால வரலாம்."

"சாமி பின்னால, நான் முன்னாலயா? நல்லாருக்கா?"

லோகேஸ்வரிக்கு இதற்கும் ஒரு பதில் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் இருக்கைகளைத் துடைத்தவளுக்குத் தெரியாதா? "முதலாளிங்கல்லாம் பின்னாலதானே ஐயா உக்காருறாங்க. டிரைவர்தான் முன்னால."

தங்கராஜு கொஞ்சம் யோசித்தார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை தாடையைத் தடவியது. "அப்போ நான் டிரைவரு" என்றார். "அது சரியாத்தான் இருக்கு."

லீலாவதி முன் இருக்கையில் ஏற வந்தாள். லோகேஸ்வரி அவளைத் தடுத்து, இருக்கைமேல் டிஷ்யூ தாளை விரித்துப் பொத்தானை அழுத்தினாள். தாள் ஒட்டிக்கொண்டதும் லீலாவதி வாயைப் பிளந்தாள். "இது என்னடி மாயம்?"

"உள்ள விசிறி இருக்குங்க. முதுகு வேர்க்காம இருக்கும்."

"ரெண்டரை வாரமா இந்தக் காத்தெல்லாம் பிள்ளையாருக்கு, எனக்குப் பின்னால வேர்வையா?" அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் தங்கராஜு சாவியைத் தேடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

திலீப் ரிப்போர்ட் தாளைப் புரட்டிக்கொண்டு நின்றான். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னத்த எழுதறது?"

"பிள்ளையாருன்னு எழுதுங்க பாஸ்" என்றான் பவனேஷ்.

லோகேஸ்வரி திலீப்பின் எதிரில் போய் நின்றாள். "நாளைக்கு நான் உள்ளதானே தம்பி?" இந்தக் கடையில் அவள் தனக்காகக் கேட்ட முதல் கேள்வி அது.

"வேற எங்க போகப் போறீங்க அக்கா?" என்றான் அவன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். காது மட்டும் சிவந்திருந்தது.

அவள் காருக்குத் திரும்பினாள். வேலை இன்னும் பாக்கி இருந்தது. பெல்ட்டின் நாக்கில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தாள். பசைக் கறையைத் துடைத்தாள். அறுகம்புல்லை வேக்குவத்தில் போடாமல் பின்கதவுப் பொந்தில் பத்திரமாக வைத்தாள். கடைசியில் முன் இருக்கையின் அடியில் கைவிட்டு நெம்புகோலைத் தூக்கி, லீலாவதியின் முழங்காலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்ணாலேயே அளந்து, அதைப் பின்னால் தள்ளினாள்.